கேட்டதை எழுதிய வருஷம்

முரளி,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்குப் பதில் இது. "அம்மா, உன் வெப் பேஜ் ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆச்சு. என்ன கத்துக்கிட்டே, இனிமே என்ன பண்ணப்போறேன்னு ஒண்ணு எழுதேன். எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க" என்றாய். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், மத்தியானம் கிழித்துப் போடுகிறேன். களைப்பாக இருக்கிறது. அதில் பாதி வயதுக்கு உரியது, மீதிப் பாதி இந்த ஒரு வருஷத்துக்கு உரியது. நூற்றாண்டு முடியப்போகிறது என்று பேப்பரில் தினமும் ஏதோ போடுகிறார்கள். எனக்கு இந்த ஒரு வருஷம் முடிந்ததே போதும் என்று இருக்கிறது. ஆனாலும் நீ கேட்டாய். நடந்ததில் உனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

நீ அமெரிக்கா புறப்படுவதற்கு முன் என்னைச் சரஸ்வதிபுரத்து பிரௌசிங் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கும். அப்பா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நான் ஒருத்தியாகப் பேச்சில்லாமல் இருந்துவிடுவேன் என்று உனக்குக் கவலை. இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் திரையில் தமிழ் வருகிற அந்த வித்தையைக் காட்டினாய். "நீ எழுதி மெயில்ல அனுப்பு, நான் பேஜ்ல ஏத்திடறேன்" என்றாய். முதலில் எதையெல்லாமோ எழுதினேன். நஞ்சன்கூடு பஸ்ஸில் சீட்டுக்கு நடந்த சண்டை, காஸ் சிலிண்டர் வராத பத்து நாள், தசரா கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தது. உன்னையும் உன் அறை நண்பர்களையும் தவிர யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வேலை பார்த்த காலத்தைப் பற்றி எழுதினேன். சிங்கப்பூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர், "அம்மா, இன்னும் எழுதுங்கள்" என்று, படிக்கிறவர்கள் கருத்து எழுதுகிற அந்தக் கெஸ்ட் புக்கில் போட்டிருந்தார். அதை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். அறுபது வயதில் ஒருத்தியை ஒரு வரி அந்த ஆட்டு ஆட்டும் என்று நான் நினைத்ததில்லை. அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் சென்டருக்குப் போய், எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற அந்த எண் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். காய்கறி வாங்கத்தான் வந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

முப்பத்தொரு வருஷம் டிரங்க் கால் இணைத்துக் கொடுத்தவள் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எங்கள் சூபர்வைசர் அம்மாள் சொல்லிவிட்டார்: லைன் சரியாகப் பேசுகிறதா என்று ஒரு நிமிஷம் காது கொடுக்கலாம், பிறகு வெளியே வந்துவிட வேண்டும், அந்த ஒரு நிமிஷத்தில் கேட்டதையும் படியிறங்கும்போது அங்கேயே விட்டுவிட வேண்டும். நான் வெளியே வராத நேரங்கள் உண்டு. எல்லா ஆபரேட்டருக்கும் உண்டு. ஆனால் கேட்டதை யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட. ரிடையர் ஆன அன்று ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். கேட்டதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லையே. அதெல்லாம் இனி என் சொத்து என்று எப்போது நினைக்க ஆரம்பித்தேனோ தெரியாது. இந்தப் பேஜ் வந்த பிறகுதான் இருக்க வேண்டும்.

நீ கைக்குழந்தையாக இருந்த காலத்தில், ஒவ்வொரு வியாழக்கிழமையும் மத்தியானம் இரண்டு மணி வாக்கில் ஒரு அம்மாள் தபால் ஆபீஸ் போனிலிருந்து தமிழ்நாட்டில் ஓர் ஊருக்கு டிரங்க் கால் போடுவார். மூன்று நிமிஷம். அந்தப் பக்கம் அவருடைய தங்கை எடுத்து, ஒரு சின்னப் பெண்ணின் கையில் போனைக் கொடுப்பாள். அந்தக் குழந்தை அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. அந்த வாரம் பள்ளிக்கூடம் போகிற வழியில் புதிதாகப் படித்த கடை போர்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லும். "பாத்திரக் கடை, பெரியம்மா. வாடகை சைக்கிள். இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்." இந்த அம்மாள் ஒவ்வொன்றையும் மெதுவாகத் திருப்பிச் சொல்வார், மனப்பாடம் செய்கிற மாதிரி. ஒரு வியாழக்கிழமை குழந்தை விளையாடப் போய்விட்டது. தங்கையிடம் அவர் பேசியதை நான் முழுக்கக் கேட்டேன். "அவ பெரியம்மான்னு கூப்பிட்டா எனக்கு ஒண்ணும் ஆகறதில்லடி. நீ பயப்படாதே. நான் பெத்தேன், நீ வளக்கறே. ஒருநாளும் அவகிட்ட சொல்ல மாட்டேன்." அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் மூன்று நிமிஷம் முடிந்தும் "த்ரீ மினிட்ஸ் ஓவர்" என்று சொல்ல நான் கொஞ்சம் தாமதம் செய்வேன்.

பல வருஷம் கழித்து ஒரு காய்கறிக் கடையில் பின்னால் அந்தக் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால், எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருப்பவர். பிறகு பழக்கமாகிவிட்டோம். நவராத்திரிக்கு அவர் வருவார், நான் போவேன். நான் டெலிபோனில் வேலை பார்த்தவள் என்பது அவருக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமைக் குரல் நான்தான் என்பது தெரியாது.

இதைத்தான் எழுதினேன், முரளி. மூன்று நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்து எழுதினேன். பெயரை மட்டும் மாற்றினேன். வியாழக்கிழமையை மாற்றவில்லை, ஊர்களை மாற்றவில்லை, தெருவைக்கூட மாற்றவில்லை. குழந்தை படித்த போர்டுகளை அப்படியே போட்டேன், ஏனென்றால் அவை அழகாக இருந்தன. மாற்றினால் கட்டுரை செத்துவிடும் என்று தோன்றியது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அரை நிமிஷம் தாமதித்த அந்த ஆபரேட்டர் கட்டுரையில் மிக நல்லவளாக வந்திருந்தாள். கெஸ்ட் புக்கில் அழுதேன், அழுதேன் என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். நீயும் போனில், "இதுதாம்மா உன் பெஸ்ட்" என்றாய். அன்று மார்க்கெட்டில் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு மெயில் வந்தது. இங்கிலீஷில் நான்கே வரி. "இந்தக் கட்டுரையை ஒரு நண்பர் எனக்கு அனுப்பினார். போர்டு படித்துக் காட்டிய பெண் நான் என்று நினைக்கிறேன். 'இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்' என்பது எங்கள் பள்ளிச் சுவரில் இருந்தது. இது உண்மையில் நடந்ததா? தயவுசெய்து சொல்லுங்கள்." அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பது வயது இருக்கும், வெளிநாட்டில் எங்கோ வேலையில் இருக்கிறாள். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாரோ கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் நேரம் முடிந்துவிட்டது என்று சென்டர்காரர் இரண்டு தடவை வந்து சொன்னார். அப்புறம் நான் செய்ததை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. "இது முழுக்கக் கற்பனை, யாரையும் குறிப்பதல்ல" என்று பதில் அடித்து அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு ஏதோ நல்லது செய்துவிட்டதாகக்கூட ஒரு நிமிஷம் தோன்றியது.

அவள் நம்பவில்லை. வளர்த்த அம்மாவுக்கு நேராகவே போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. எனக்கு வந்த இரண்டாவது மெயிலில் ஒரே வரிதான்: "என் வீட்டில் எல்லோரும் என்னிடம் முப்பது வருஷம் பொய் சொன்னார்கள், நீங்கள் போன வாரம் சொன்னீர்கள்." அன்றுதான் உன்னைக் கூப்பிட்டு, ஏன் எதற்கு என்று கேட்காமல் அந்தக் கட்டுரையை எடுத்துவிடச் சொன்னேன். நீயும் எடுத்துவிட்டாய். ஆனால் அதற்குள் அது யார் யார் மெயிலுக்கோ போய்விட்டிருந்தது. எடுத்து இரண்டு மாதம் கழித்துக்கூட, படித்துவிட்டு அழுததாக ஒருவர் எழுதினார். வாயிலிருந்து போனது காற்றோடு போய்விடும், இது போகாது. முப்பத்தொரு வருஷம் காற்றோடு போகிற பேச்சிலேயே இருந்தவளுக்கு இது லேசில் புரியவில்லை.

மறுநாள் காலை, நான்கு தெரு தள்ளி இருக்கிற பெற்ற அம்மாள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் முகம் வீங்கியிருந்தது. "பன்னி, உள்ள வாங்க" என்றார், எப்போதும் போலக் கன்னடத்தில் ஒரு 'வாங்க', தமிழில் ஒரு 'வாங்க' என்று கலந்து. தங்கை முந்தின தினமே போன் செய்து, நீதான் சொல்லி எழுதவைத்தாய், வாக்கு மீறிவிட்டாய் என்று கத்தியிருக்கிறாள். இந்த அம்மாளுக்கோ கம்ப்யூட்டர், பேஜ் எதுவும் தெரியாது. எது எங்கே வந்தது என்றே புரியாமல் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். நான் நின்றுகொண்டே சொன்னேன். எழுதியது நான், அந்த நாளில் லைனில் இருந்ததும் நான்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "நீங்கதானா அந்த த்ரீ மினிட்ஸ் ஓவர்?" என்றார்.

"ஆமா."

"நல்ல குரல்னு நினைச்சுப்பேன். அந்தக் குரலுக்குக் காது இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை ரீ." அப்போதும் அந்தக் கன்னட 'ரீ' என்கிற மரியாதை அவர் பேச்சிலிருந்து போகவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காபி கொடுக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "பெத்த பொண்ணை விட்டுக் குடுத்தேன். அப்பக்கூட அழலை. சொல்ல மாட்டேன்னு ஒரு வார்த்தை குடுத்தேன், அது ஒண்ணுதான் என்கிட்ட இருந்தது. அதையும் எடுத்துட்டீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. நாளைக்குப் பால்காரன் வரமாட்டான் என்பதைப் போலச் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் உங்க தங்கையைப் பாத்து, நீங்க சொல்லலைன்னு சொல்லிட்டு வரேன்" என்றேன்.

"போய்ச் சொல்லுங்கோ. நான் சொன்னா நம்ப மாட்டா."

அந்த வாரம் நான் போனை எடுக்கவில்லை என்று நீ கோபித்துக்கொண்டாயே, அப்போது நான் ஊரில் இல்லை. குண்டலுபேட்டை வழியாக மலை ஏறி இறங்குகிற பஸ்ஸில் போனேன். வளைவுக்கு வளைவு வாந்தி. நடுவில் ஒரு இடத்தில் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். தங்கையின் வீட்டைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. யார் என்று சொன்னதும் கதவைச் சாத்தப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, உட்காரச் சொன்னார். அக்கா ஒரு வார்த்தைகூட வெளியே சொல்லவில்லை, தவறு முழுக்க என்னுடையது என்றேன்.

"அவ வார்த்தை மீறலைன்னு சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா?"

"ஆமாங்க."

"நல்லது. அந்தக் கட்டுரையை என் பொண்ணு எனக்குப் போன்ல படிச்சுக் காமிச்சா. அழகாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா அதுல நான் எங்க இருக்கேன்? போனை எடுத்துக் குடுக்கற ஒரு கை, அவ்வளவுதான். வியாழக்கிழமை வந்தா காலையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடாது, தெரியுமா? இன்னைக்கு அக்கா சொல்லிடுவாளோ, குழந்தை என்னை விட்டுப் போயிடுவாளோன்னு அடுப்படியில நின்னு காதை அடைச்சுப்பேன். காய்ச்சல்ல கிடந்தா முழிச்சது நான். போர்டு படிக்கக் கத்துக் குடுத்தது நான். வாராவாரம் அதை அங்க சொல்லச் சொன்னதும் நான்தான். அது உங்களுக்குக் கேக்கலையே."

அது எனக்குக் கேட்கவில்லைதான். கம்பியில் வந்தது மட்டுமே எனக்குக் கேட்டது. அதை வைத்துக்கொண்டு மூன்று பேருடைய வாழ்க்கையையும் தெரிந்தவள் மாதிரி எழுதிவிட்டேன். என்ன கற்றுக்கொண்டேன் என்று கேட்டாயே, முரளி, அந்தக் கூடத்தில் கற்றதுதான் அது. பெயரை மாற்றினால் ஆளை மறைத்துவிட்டதாக ஆகாது என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டேன். எனக்குக் கேட்காத பாதி எப்போதும் ஒன்று இருக்கிறது என்பது அந்தத் தங்கை சொல்லித்தான் தெரிந்தது.

பெரிதாக எதுவும் சரியாகிவிடவில்லை. அந்தப் பெண் இரண்டு மாதம் யாரிடமும் பேசவில்லை. பிறகு வளர்த்த அம்மாவிடம் பேசினாள். அக்காவும் தங்கையும் பேசிக்கொள்கிறார்கள், முன்போல் இல்லை. போன மாதம் இங்கே பெற்றவருக்கு அவளிடமிருந்து போன் வந்தது. அதை அந்த அம்மாளே எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். "என்னை என்னன்னு கூப்பிடறதுன்னு அவளுக்குத் தெரியலை. ஹலோ, ஹலோன்னு நாலு வாட்டி சொன்னா. நானும் ஹலோன்னேன். மழை பெய்யுதான்னு கேட்டா. ஆமாம்னேன். வெச்சுட்டா." அன்று வானம் வெறிச்சென்று இருந்தது. ஏன் ஆமாம் என்றார் என்று நான் கேட்கவில்லை.

இதுவரை எழுதியதை உனக்கு அனுப்புவதற்கு முன் இந்த அம்மாளிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் வேண்டாம் என்றார், அடித்துவிட்டேன். தங்கைக்குத் தபாலில் அனுப்பினேன். "என்னையும் ஒரு ஆளா எழுதியிருக்கீங்க, போடுங்க" என்று கார்டு போட்டார். அந்தப் பெண்ணுக்கு மெயில் அனுப்பினேன். "சரி" என்று ஒரு வார்த்தை வந்தது. ஆகவே இதை நீ பேஜில் ஏற்றலாம், உனக்கும் சம்மதம் இருந்தால்.

உன்னிடமும் கேட்க வேண்டும் என்பதே எனக்கு இப்போதுதான் உறைத்தது. இந்த ஒரு வருஷத்தில் எழுதியதையெல்லாம் போன வாரம் பிரிண்ட் எடுத்துப் படித்தேன். நீ காலேஜில் இரண்டாம் வருஷம் பெயிலானதையும், பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு அழுததையும், அப்பா வெளியே நின்று பக்கெட்டைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டதையும் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறேன். அதை உன் கையாலேயே நீ ஏற்றினாய். உன் ஆபீஸ் ஆட்கள் படிப்பார்கள் என்று தெரிந்தும் ஏற்றினாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ எப்போதுமே அப்படித்தான். எட்டு மணி நேரம் ஊரார் பேச்சைக் காதில் வாங்கிவிட்டு நான் வீட்டுக்கு வருவேன். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல வாசலிலேயே நீ காத்திருப்பாய். "கொஞ்சம் சும்மா இருடா, காது வலிக்குது" என்பேன். சில வருஷத்தில் நீ சொல்வதை நிறுத்திவிட்டாய். நல்ல பிள்ளை, அடக்கமான பிள்ளை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். வேலை கஷ்டம்தான், வேறு வழி இருக்கவில்லை. ஆனாலும் அதைக் கஷ்டம் என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள இப்போது மனம் வரவில்லை. உன் பெயில் கட்டுரையை எடுத்துவிடு. வேண்டாம், இருக்கட்டும் என்று தோன்றினால் இருக்கட்டும். அது உன் இஷ்டம்.

இனிமேல் என்ன என்று கேட்டாய். பேஜை மூடலாமா என்று பல நாள் யோசித்தேன். மூட வேண்டாம். எழுதுவது எனக்குப் பிடித்திருக்கிறது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. வாரம் ஒன்று வேண்டாம், மாதம் ஒன்று போதும். யாரைப் பற்றி எழுதினாலும் அவர் அதை முதலில் காதால் கேட்டுவிட வேண்டும், செத்துப்போனவர் என்றால் அவருடைய மனிதர்கள் கேட்டுவிட வேண்டும். அந்த எண் காட்டுகிற பெட்டியைத் தூக்கிவிடு. உன்னால் முடிந்தால் கெஸ்ட் புக் இருக்கட்டும், அதில் திட்டு வந்தால் அதையும் எடுக்காதே. எக்ஸ்சேஞ்ச் கதைகள் இன்னும் ஐம்பது இருக்கின்றன என்று ஒரு தடவை உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். அவை எதுவும் வராது. அடுத்து எதை எழுதப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. என்னைப் பற்றியே எழுதலாம் என்றால், அதில் உன் அப்பா வருகிறார், நீ வருகிறாய். மெதுவாகப் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும், அந்த அம்மாளிடம் கேட்டுக்கொண்டு, சொல்லி முடிக்கிறேன். நேற்று மத்தியானம் அந்த அம்மாள் ஒரு இன்லண்ட் கவரோடு வந்தார். வெளிநாட்டுக்கு அது போகாது என்று சொல்லி, என்னிடமிருந்த ஏர் மெயில் கவரை எடுத்தேன். கண்ணில் புரை, கையில் நடுக்கம், அவரால் எழுத முடியாது. பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள் என்றார். என்னிடமா கேட்கிறீர்கள் என்றேன். "வேற யார்கிட்டப் போய் முதல்லேர்ந்து சொல்றது ரீ? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றார், சிரிக்காமல். இரண்டு மணி நேரம் எழுதினேன். அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தினேன். ஒரு வார்த்தை தவறாகச் சொன்னதாகத் தோன்றியபோதும் திருத்தவில்லை. படித்துக் காட்டினேன், மடித்தேன், அவர் எதிரிலேயே ஒட்டி அவர் கையில் கொடுத்தேன். நகல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்லது அதுதான், முரளி. அதில் என்ன இருந்தது என்று உனக்குக்கூடச் சொல்ல மாட்டேன்.

அம்மா